நானூற்று முப்பத்திரண்டில் மிஞ்சிய இரண்டு

எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு வந்தது என்று சொன்னால் என் அம்மாவே சிரிப்பாள். ஆனால் ஒரே ஒரு வகைக் கணக்கு மட்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓர் எண்ணைக் கொடுத்து, இதை எந்த மிகச் சிறிய எண்ணால் வகுத்தால் முழு கன எண் கிடைக்கும் என்று கேட்பார்கள். அந்த எண்ணைப் பகாக் காரணிகளாக உடைத்து வரிசையாக எழுத வேண்டும். ஒரே மாதிரி இருப்பவற்றை மூன்று மூன்றாகச் சேர்த்து வட்டம் போட வேண்டும். எந்த வட்டத்திலும் சேராமல் எது நிற்கிறதோ, அதுதான் விடை. எங்கள் கணக்கு சார் சாக்பீஸால் அதன் தலையில் ஒரு தட்டு தட்டி, "இவனை வெளியே அனுப்பு, வீடு சரியாயிடும்" என்பார். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அந்த வருஷம் அரையாண்டுப் பரீட்சையில் கணக்குக்கு முதல் நாள் லீவு விட்டிருந்தார்கள். வீட்டில் விட்டால் நாள் முழுக்க டிவி பார்ப்பேன் என்று அப்பா என்னைப் பத்திர ஆபீசுக்கே கூட்டிப் போய்விட்டார். திருமானூர்ப் பக்கம் தாத்தா விட்டுப்போன வயலைப் பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேரும் பிரித்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்கு முன்னால், அவர்களுடன் பிறந்த ஒரே பெண்ணான என் அத்தை, சட்டப்படி தனக்கு வரவேண்டிய பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் இது ஒரு விஷயமே இல்லை. கூடப் பிறந்தவளுக்கு ஒரு பட்டுப் புடவை எடுப்பார்கள். கையெழுத்து ஆனதும் பிரியாணி வாங்கித் தருவார்கள். அவளும் கண் கலங்கி, "என் பொறந்த வூடு நல்லா இருந்தா போதும்" என்பாள். புடவைப் பை பெரியப்பா கையில் இருந்தது. பிரியாணிக்காக நான் காத்திருந்தேன்.

அத்தை மீன்சுருட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். மாமா இறந்த பிறகு அவள் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் என்னைவிடச் சின்னவை. அத்தை வந்தால் எனக்குக் கொண்டாட்டம்தான். அன்றைக்கும் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கிள்ளிவிட்டுத்தான் அண்ணன்களிடமே பேசினாள்.

உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கடைசியில் ரேகை வைக்கும் மிஷினில் அத்தை விரலை வைத்தாள். மிஷின் ஏற்கவில்லை. வேறு விரல், வேறு கை, எதுவும் நடக்கவில்லை. முந்திரித் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே தேய்ந்துபோயிருந்தது. சித்தப்பா ஓடிப்போய் சோப்பு வாங்கி வந்தார். அப்புறம் எலுமிச்சம்பழம். பெரியப்பா குழாயடியில் அத்தையின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, தீபாவளிக்குக் குத்துவிளக்கு விளக்குவது போலத் தேய்த்தார். தங்கை கையை அவர் அவ்வளவு அக்கறையாகப் பிடித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்போதும் ரேகை வரவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து வாருங்கள், மறுபடி பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் தம்பிகள் டீக்கடைக்குப் போனார்கள். அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி, வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அப்போது கணக்கு நோட்டில் நானூற்று முப்பத்திரண்டை உடைத்து முடித்திருந்தேன். நான்கு இரண்டுகள், மூன்று மூன்றுகள். மூன்றுகளுக்கு ஒரு வட்டம். முதல் மூன்று இரண்டுகளுக்கு ஒரு வட்டம். நான்காவது இரண்டு வெளியே நின்றது.

"அது ஏன் பாப்பா தனியா நிக்குது?"

"அது மிச்சம் அத்தை. அதால வகுத்துட்டா மீதி இருநூத்திப் பதினாறு. ஆறு ஆறு ஆறுன்னு மூணு சம பங்காப் பிரிஞ்சிடும்."

"அதுவும் மத்த ரெண்டுங்க மாதிரிதானே இருக்கு?"

"மாதிரிதான். ஆனா மூணுதான் சேர முடியும்."

"அப்ப அந்த மிச்சம் எங்க போவும்?"

இப்படி ஒரு கேள்வியை சார்கூடக் கேட்டதில்லை. "எங்கயும் போவாது. அதைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

அத்தை அந்த இரண்டின் மேல் தன் கறுத்த விரலை வைத்தாள். பிறகு, "யாரையும் வெளிய தள்ளாம இதைச் சரி பண்ண முடியாதா?" என்று கேட்டாள்.

முடியும். நாலால் பெருக்கினால் இன்னும் இரண்டு இரண்டுகள் வந்து, தனியாக நிற்பதோடு சேர்ந்து மூன்றாகிவிடும். அவற்றுக்கும் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு. பன்னிரண்டின் கனம். "ஆனா இது வேற கணக்கு அத்தை. சார் வகுக்கத்தான் சொல்லியிருக்காரு" என்றும் சொன்னேன். அத்தை அந்தப் புது வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் கணக்குச் சொல்லித்தான் அத்தையின் மனசு மாறியது என்றால் அது என் பீற்றல். இருட்டு விலகுவதற்கு முன்னால் எழுந்து இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு கட்டிவைத்துவிட்டு பஸ் ஏறி வந்தவள். வரும் வழியெல்லாம் என்ன யோசித்தாளோ, யாருக்குத் தெரியும்?

சாப்பாட்டு நேரம் முடிந்து மறுபடி கூப்பிட்டார்கள். பெரியப்பா, "வாம்மா, நல்ல நேரத்துலயே முடிச்சிடலாம்" என்றார். அத்தை எழுந்திருக்கவில்லை.

"நான் எழுதிக் குடுக்கல அண்ணே. எம் பங்கு எனக்கு வேணும்."

"என்னம்மா சொல்ற? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். ரெண்டு பொட்டப் புள்ளைய வச்சிருக்கேன். இந்தக் கையி இன்னும் எத்தன வருசத்துக்கு வேலைக்காவும்?"

சித்தப்பா, "யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்குறா?" என்று கத்தினார். நான் நோட்டை மெல்லப் பைக்குள் தள்ளினேன். அப்பா தங்கையின் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. பிறகு எழுந்தாள். "போயிட்டு வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். இந்தத் தடவை என்னைக் கிள்ளவில்லை. ஜெயித்தவள் ஏன் அழுதுகொண்டு போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

திரும்பும் வழியில் அப்பா ஒரு புரோட்டாக் கடையில் வண்டியை நிறுத்தினார். பிரியாணி போனதில் எனக்கு வருத்தம் இருந்தது உண்மை. புரோட்டாவைப் பார்த்ததும் அது பாதி தீர்ந்துவிட்டது. அப்பா எதுவும் சாப்பிடவில்லை. நான் தின்பதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சோர்ந்து நான் அவரைக் கண்டதில்லை. பாவமாக இருந்தது.

"நாளைக்கு நீ உன் தம்பிக்கிட்ட இப்படியெல்லாம் வந்து நிக்க மாட்டேல்ல?" என்றார்.

தம்பிக்கு அப்போதுதான் பால்பல் விழ ஆரம்பித்திருந்தது. அவனிடம் நான் போய் எதற்கு நிற்கப் போகிறேன்? வாய் நிறையப் புரோட்டாவோடு, "மாட்டேன்ப்பா" என்றேன்.

அப்பாவின் முகம் தெளிந்தது. என் தலையைத் தடவிக் கொடுத்து, கடைக்காரரிடம் இன்னொரு புரோட்டா போடச் சொன்னார். அவரைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் என்ன கொடுத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்ட அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.