கொதிப்பு இல்லாதவனுக்குக் கொதிப்பு மாத்திரை

அபினை விட்ட இரண்டாம் நாள் வீரணனின் கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. படுத்தால் உதைத்துக்கொண்டன, உட்கார்ந்தால் நடக்கச் சொல்லின. கொட்டாவி மேல் கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். புரட்டாசி வெயிலிலும் உடம்பெல்லாம் புல்லரித்தது. மனைவி சுருளியம்மாள் கொடுத்த கஞ்சி வயிற்றில் தங்கவில்லை.

இத்தனைக்கும் அவன் நல்ல வேலைக்காரன். போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோரில் சூடு பார்க்கிற வேலை. பறித்த பச்சைக்காயை அன்றைக்கே சூட்டறைத் தட்டுகளில் பரப்பிக் காயவைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் பச்சை நிறம் போய்விடும், அந்தக் காயை எவனும் மதிக்கமாட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் மூட்டையோடு சறுக்கி விழுந்து இடுப்புப் பிடித்துக்கொண்டபோது, கூட வேலை பார்த்த ஒரு புண்ணியவான் கட்டன்சாயாவில் மிளகளவு அபினைக் கரைத்துக் கொடுத்தான். வலி போன இடம் தெரியவில்லை. பத்து வருஷத்தில் மிளகு புளியங்கொட்டையானது. போன மாதம் அந்த மயக்கத்தில் தூங்கி, ஒரு சூட்டறைக் காய் முழுவதையும் கருகவிட்டான்.

முதலாளிகூட, “திருந்தி வா” என்றுதான் சொன்னார். சுருளியம்மாள் அப்படி விடவில்லை. தகரப்பெட்டியில் சேலைகளை அடுக்கிக் கதவோரம் வைத்துவிட்டாள்.

“ரெண்டு தடவை விட்டுட்டு மூணாம் நாளே ஓடிப்போயித் தின்ன. இந்தத் தடவையும் வாயில வச்ச, நான் சிலமலைக்கு எங்க அண்ணே வீட்டுக்குப் போயிருவேன். கூப்பிட வந்துராத.”

சொன்னால் செய்கிறவள். மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு, போடியில் புதிதாக வந்திருந்த டாக்டர் ராஜாராமிடம் போனாள். அவர் கையில் துணிப்பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்துவிட்டுச் சின்ன மாத்திரைகளை எண்ணி வைத்தார்.

“இது ரத்தக்கொதிப்பு மாத்திரை.”

“எனக்குக் கொதிப்பு இல்லீங்களே!”

“இல்லைதான். ஆனா அபின் நின்னதும் உடம்பு வேர்த்துப் படபடன்னு அலையுதே, அதை இது அடக்கும். வெளிநாட்டுல இப்பக் கொஞ்ச வருஷமா இதுக்கும் குடுக்கிறாங்க. வலியும் தூக்கமும் மெதுவாத்தான் சரியாகும். காலையும் சாயங்காலமும் வந்து பிரஷர் பார்க்கணும். இது பிரஷரை இறக்கிரும். வெரசா எந்திரிக்கக் கூடாது, சூட்டுல நிக்கக் கூடாது. பத்து நாளைக்கு மலையை மறந்துருங்க.”

மாத்திரை கேட்டது. வேர்வை நின்றது, புல்லரிப்பு அடங்கியது. மூன்றாம் நாள் தாண்டியதை அவனாலேயே நம்ப முடியவில்லை. தூக்கம் மட்டும் வரவில்லை. திண்டாடிப்போனான். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்தது.

ஐந்தாம் நாள் காலை, சுருளியம்மாள் களையெடுக்கப் போயிருந்தாள். தெருவில் எஸ்டேட் ஜீப்பை நிறுத்திய டிரைவர் சின்னமுத்து, “புது ஆளுக்குச் சூடு பிடிபடலைண்ணே, காய் வீணாப்போகுது” என்று சொல்லித் தொலைத்தான். பச்சைக்காய் நாளை வரை காத்திருக்காது. சூடு பார்த்தே பழகினவனிடம் போய் இதைச் சொல்லலாமா? டாக்டர் சொன்னதெல்லாம் எங்கோ போயிற்று. உடம்புதான் சரியாகிவிட்டதே என்று ஜீப்பில் ஏறிவிட்டான்.

சூட்டறைக்குள் நுழைந்ததும் அவனுக்கு உயிர் வந்தது. குனிந்து அடித்தட்டுக் காயைக் கையால் அளைந்தான். மேல்தட்டைப் பார்க்க விருட்டென்று நிமிர்ந்தான். கண் இருண்டது. விழுந்தது அவனுக்குத் தெரியாது.

முகத்தில் தண்ணீர் பட்டு முழித்தபோது கங்காணி மொக்கச்சாமி தலைக்கு மேல் நின்றார். “மறுபடியும் தின்னுட்டான்யா. ஏத்துங்க ஜீப்புல” என்றார். மாத்திரை என்று வீரணன் சொல்ல வந்தான். நாக்கு எழவில்லை. வளைவுக்கு வளைவு இறங்கும்போது அவனுக்குத் தகரப்பெட்டியைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை.

சுருளியம்மாள் வாசலில் நின்றிருந்தாள்.

“ஆத்தா, உன் புருசன் தின்னுட்டு ஸ்டோருக்குள்ள விழுந்து கெடந்தான்” என்றார் மொக்கச்சாமி.

அவள் அவனை உள்ளே உட்காரவைத்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டைவிரலால் இமையைத் தூக்கிப் பார்த்தாள். மற்ற கண்ணையும் பார்த்தாள்.

“தின்னுருந்தா கருமணி ஊசிமுனையாச் சுருங்கியிருக்கும். இது நல்லா இருக்கு. இவரு தின்னலை, அண்ணே.” கங்காணியை அனுப்பிவிட்டு வந்து கத்தினாள். “ஏய்யா, உன்னைய எவன் மலையேறச் சொன்னது? எந்திரி மெதுவா, டாக்டருகிட்டப் போவோம்.”

வீரணன் எழவில்லை. ஏதோ உறைக்க, அவளையே பார்த்தான்.

“கண்ணைப் பார்த்தே தெரியுமா ஒனக்கு?”

“பத்து வருசமாத் தெரியும்.”

“தின்னலை, தின்னலைன்னு நான் சத்தியம் பண்ணுனப்பல்லாம்?”

“அப்பவுந்தான்.”

வீரணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.