பண்டிகைக்கு முன்னாலேயே கொடுத்த அக்கா

எங்கள் அக்கா கர்த்தருடைய சமுகத்துக்குப் போய்ச் சேர்ந்து, வருகிற மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரில் எழுத வேண்டும் என்று அத்தான் என்னிடம் சொன்னபோது, அழுகையும் கண்ணீருமாக எழுதக் கூடாது என்று முதலில் தீர்மானித்துக்கொண்டேன். அக்காவுக்கு அது பிடிக்காது. யாராவது மூக்கை உறிஞ்சினால், "போய் மொகத்தைக் கழுவிட்டு வந்து பேசு" என்பார். உயிரோடு இருந்தவரை அவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், சண்டையும் போட்டேன். அச்சில் வருவதால் மரியாதை கொடுக்கிறேன். இதைப் பார்த்தால் சிரிப்பார்.

அக்கா பிறந்தது விராலிமலைக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில். அப்பாவுக்குக் கொஞ்சம் மிளகாய்த் தோட்டமும் ஒரு கிணறும் இருந்தன. மாடு வைத்து இறைக்க வசதி கிடையாது. வாளியும் கயிறும்தான். அப்பா ஓய்ந்தால் அக்கா இறைப்பார், அக்கா ஓய்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கைகள் கடைசிவரை காய்ப்புக் காய்த்தே இருந்தன. பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிடுவார்கள் என்று அம்மா பயந்து, கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். அக்கா கையை நீட்டியே காபி கொடுத்தார். அத்தான் அந்தக் கையைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னாராம். அத்தானே சொன்னது, நம்பலாம்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம் கல்யாணம் நடந்தது. அத்தான் புதுக்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். மிஷன் காம்பவுண்டில் ஒரு வீடு கொடுத்தார்கள். தங்கை நானும் ஆசிரியப் பயிற்சிக்காக அதே வீட்டில் தங்கினேன். காம்பவுண்டு வீடுகளுக்கெல்லாம் நடுவில் ஒரே கிணறு. தண்ணீர் இறைத்து வீடு வீடாக ஊற்றுவது ஞானம்மாள் என்பவர். எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்தான். ஆனால் கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவரை யாரும் பார்த்தது கிடையாது. எல்லாரும் கோயிலில் இருக்கிற நேரத்தில் அவர் கிணற்றடியில் இருப்பார். விருந்தாளிகள் வருவார்கள், கறி கழுவ வேண்டும், அண்டாக்கள் நிறைய வேண்டும்.

கிறிஸ்துமஸ் இனாம் கொடுப்பதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆராதனை முடிந்து, விருந்து முடிந்து, மத்தியானத்துக்கு மேல் ஞானம்மாள், பால்காரர், சலவைக்காரர், குப்பை அள்ளுகிறவர் எல்லாரும் கொல்லைப்பக்கம் வந்து நிற்பார்கள். முதலில் தலைமையாசிரியர் வீட்டில் கொடுப்பார்கள். அதைப் பெரிய வீடு என்போம். அதற்குப் பிறகுதான் மற்ற வீடுகள் கொடுக்கலாம். பலகாரம், கொஞ்சம் காசு, ஒரு துணி. வாங்குகிறவருக்குப் பண்டிகை அதற்குள் முடிந்துபோயிருக்கும்.

இந்த வழக்கம் அக்காவுக்குத் தெரியாது. எங்கள் அப்பா வீட்டில் தோட்ட வேலைக்கு வருகிறவர்களுக்குப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னாலேயே துணி எடுத்துக் கொடுத்துவிடுவோம். பண்டிகைக்குக் கட்டத்தானே துணி? ஆகவே முதல் வருடமே அக்கா பாக்குக் கலரில் ஒரு புதுச் சீலை எடுத்து, முன்வாசலில் வைத்து ஞானம்மாளிடம் கொடுத்துவிட்டார். ஞானம்மாள் அதை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாராம்.

"இப்பவே குடுக்குறீங்களே வாத்தியாரம்மா?"

"பின்னே எப்பக் குடுக்குறது? கிறிஸ்துமஸுக்குக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்கு வா."

அக்கா யோசிக்காமல் சொன்னது அது. ஞானம்மாள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் காலையில் இரண்டாம் பாட்டு நடக்கும்போது, தலையில் பூவும் பாக்குக் கலர்ச் சீலையுமாக வந்து பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் உட்கார்ந்தார். பெரிய வீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். இவள் இங்கே இருக்கிறாள் என்றால் கிணற்றடியில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அவர் முகத்தில் ஏறியது, பிரசங்கம் முடியும் வரை இறங்கவில்லை. அன்றைக்குக் காம்பவுண்டில் ஒரு அண்டாவிலும் தண்ணீர் இல்லை. திருச்சியிலிருந்து வந்த விருந்தாளிகள் கை கழுவத் தண்ணீர் கேட்டு வீடு வீடாகப் போனார்கள். கறி வேகச் சாயங்காலம் ஆகிவிட்டது.

புது வருடம் பிறந்ததும் மாதர் சங்கம் கூடியது. ஜெபம் சுருக்கமாக முடிந்தது. பெரிய வீட்டு அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இனாமை முன்னாலேயே குடுத்தா வேலைக்கு வரமாட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியும்மா. அதனாலதான் பின்னால குடுக்குறது. நீ புதுசு, ஒனக்குத் தெரியல. ஞானம்மாவை நிறுத்திட்டு வேற ஆளைப் பாக்கணும்."

அத்தானுக்கு அப்போது வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலைமையாசிரியர் வீட்டைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பயந்து நான் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அக்கா எழுந்து நின்றார்.

"கோயிலுக்கு வான்னு சொன்னது நான். நிறுத்துறதா இருந்தா என்னை நிறுத்துங்க. அவ என்ன, சினிமாவுக்கா போனா? கும்பிடத்தானே வந்தா."

"அப்ப அந்தத் தண்ணிய யாரு எறைக்கிறது? நீயா?"

"ஆமாங்க. நான்தான்."

சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த கிறிஸ்துமஸ் அன்று, ஆராதனை தொடங்குவதற்கான கோயிலின் இரண்டாம் மணி அடிப்பதற்குள் எல்லா வீட்டுத் தொட்டியையும் தான் ஒருத்தியாகவே நிரப்பிவிட்டால், அதற்குப் பிறகு எல்லா வீடும் பண்டிகைக்கு முன்னாலேயே இனாம் கொடுக்க வேண்டும், ஞானம்மாளுக்கு அன்றைக்கு லீவும் விட வேண்டும் என்றார். பெரிய வீட்டு அம்மாவும் விடுவதாக இல்லை. ஒரு தொட்டி குறைந்தாலும் பழைய வழக்கம்தான், ஞானம்மாள் கோயிலுக்கு வரும் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கக் கூடாது என்றார். அதுவரை ஞானம்மாள் வேலையில் இருக்கட்டும் என்று கூட்டம் முடிந்தது.

வீட்டுக்கு வந்து நான் கத்தினேன். அத்தான் மட்டும் செய்தித்தாளை மடித்துவிட்டு, "கயிறு புதுசா வாங்கணும்" என்றார். அத்தானை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அந்த வருடம் ஐப்பசி மழை எங்களை ஏமாற்றிவிட்டது. புதுக்கோட்டைச் சீமைக்கு அது புதிதில்லை. கார்த்திகையில் கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் எங்கேயோ ஆழத்தில் கிடந்தது. பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா மறுபடியும் ஒரு சீலை எடுத்துக் கொடுத்தார். ஞானம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்காக நீங்க வம்புல மாட்டிக்காதீங்க வாத்தியாரம்மா. நான் விடியங்காட்டியும் வந்து எறைச்சு வச்சுட்டுப் போறேன். யாருக்கும் தெரியாது."

"வந்துதான் பாரேன், அப்புறம் இருக்கு ஒனக்கு. எண்ணெய் தேச்சுக் குளிச்சு, சீலையக் கட்டிக்கிட்டு நேரா கோயிலுக்குப் போ. அன்னைக்கு இங்கிட்டு ஒன் தலையே தெரியக் கூடாது."

கிறிஸ்துமஸ் அன்று பொழுது விடிய அக்கா கிணற்றடிக்குப் போனார். சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சகடையில் புதுக் கயிற்றை மாட்டி, வாளியை விட்டார். எனக்குத் தொடக்கூட உத்தரவு இல்லை. ஒருத்தி என்றால் ஒருத்திதான். இறைப்பதும் குடத்தில் ஊற்றுவதும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்ப்பதும் அக்காவே. பாட்டு வேறு. அக்காவுக்குச் சுருதி என்பது பிறவியிலேயே கிடையாது. பாடகர் குழுவில் சேர்க்காததற்கு அவர் கடைசிவரை வருத்தப்பட்டார், குழு வருத்தப்படவில்லை. அன்று கிறிஸ்து பிறந்த பாட்டு ஒன்றையும் அவர் பாக்கி வைக்கவில்லை. வீடுகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

முதல் மணி அடித்தபோது பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அக்காவின் பாட்டு நின்றுவிட்டது. கயிறு உள்ளங்கையை அறுத்து, பழைய காய்ப்பையும் தாண்டி ரத்தம் கசிந்தது. "போதும்க்கா" என்றேன். "நீ கோயிலுக்குப் போறதுன்னா போ" என்றார். எல்லா வீட்டுப் பெண்களும் பட்டுச் சீலையோடு வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் கோயிலுக்குக் கிளம்பவில்லை.

கடைசியாக மிஞ்சியது பெரிய வீட்டுத் தொட்டி. அது தொட்டியா, குளமா என்று சொல்ல முடியாத அளவு. அதில் முதல் குடத்தை ஊற்றிவிட்டு அக்கா கிணற்றடிக்குத் திரும்பி, வாளியை விட்டார். வாளி தண்ணீரைத் தொடுவதற்குள் இரண்டாம் மணி அடித்துவிட்டது.

அக்கா கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். என் அக்கா தோற்று நான் பார்த்ததில்லை. அந்த முகத்தை எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஞானம்மாள் அந்த நேரம் கோயிலில் உட்கார்ந்திருப்பார், அதுதான் கடைசி என்று நினைக்கும்போதே எனக்கு அழுகை வந்தது.

பெரிய வீட்டு அம்மா வாசற்படி இறங்கி வந்தார். சரிகைச் சீலையைத் தூக்கி இடுப்பில் செருகினார். அக்காவின் கையிலிருந்த கயிற்றை வாங்கினார்.

"தள்ளு அங்கிட்டு. தோத்துட்டே, தெரியுதில்ல?"

"தெரியுதுங்க."

"கையைப் பாரு, கருமம். எங்க அப்பா வீட்டுல நான் எறைக்காத தண்ணியா? எவ வீட்டுத் தண்ணிய எவ எறைக்கிறது! ஏய், நின்னு வேடிக்கை பாக்காதீங்கடி, கொடத்தைக் கொண்டாங்க."

அவ்வளவுதான். பட்டுச் சீலைகளெல்லாம் கிணற்றடிக்கு ஓடிவந்தன. ஒருவர் இறைக்க, ஒருவர் ஊற்ற, ஒருவர் சுமக்க, அந்தக் குளம் நிறைந்து வழிந்தது. "பந்தயத்துல நீ தோத்தது தோத்ததுதான்" என்று பெரிய வீட்டு அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "ஜெயிச்சவ நான், அதனால நான் சொல்றேன். வர்ற வருசத்துல இருந்து எல்லா வீடும் பண்டிகைக்கு முன்னாலேயே குடுத்துருவோம். மொதல்ல எந்த வீடுன்னு எவளும் பாக்க வேணாம். தண்ணிய அவங்கவங்களே எறைச்சுக்குவோம்."

எல்லாரும் ஈரச் சீலையோடு ஆராதனைக்குப் பிந்திப் போனோம். போதகர் ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெண்கள் பக்கம் பாயெல்லாம் காலியாக இருந்தது. நடுவில் ஞானம்மாள் மட்டும் புதுச் சீலையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழப்போனவரை, பெரிய வீட்டு அம்மா தோளில் கை வைத்து உட்காரவைத்தார். ஞானம்மாள் சற்று நகர்ந்து பாயைக் கையால் தட்டி, "இங்கிட்டு ஒக்காருங்கம்மா, எடம் இருக்கு" என்றார். தன் வீட்டுக்கு வந்தவர்களை உபசரிப்பதுபோல் இருந்தது. அக்கா அவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ரத்தம் கசிந்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, வாய்விட்டுப் பாடினார். அன்றைக்கு அந்தச் சுருதி யாருக்கும் உறுத்தவில்லை.

அந்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை. அக்கா அதோடும் நிற்கவில்லை. எங்கள் தபால்காரர் காதர் பாயிடம், "ஒங்களுக்கு எதுக்குக் கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்கணும்?" என்று கேட்டு, ரம்ஜானுக்கு முன்னாலேயே வேட்டி எடுத்துக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு அவருக்குப் பலகாரத் தட்டு தனி. பால்காரருக்குப் பொங்கலுக்கு முன். "கிறிஸ்துமஸ் இனாம் எல்லா வீட்டுலயும் வாங்குறேன். ரம்ஜானுக்குக் குடுக்குற கிறிஸ்தவ வீடு இது ஒண்ணுதாம்மா" என்று காதர் பாய் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அதனால் மற்ற வீடுகளும் கொடுக்க வேண்டியதாயிற்று. அக்கா எதிர்பார்த்ததும் அதைத்தான்.

சுகமாக மட்டுமே வாழ்ந்தார் என்று சொல்ல மாட்டேன். முதல் குழந்தையைப் பறிகொடுத்தார். அத்தானை ஆவுடையார்கோவில் பக்கம் மாற்றியபோது இரண்டு வீட்டுச் செலவைக் கோழி வளர்த்துச் சமாளித்தார். முன்கோபம் நிறைய. ஆனால் கோபித்த வீட்டுக்குச் சாயங்காலமே குழம்பு கொடுத்தனுப்பிவிடுவார். போன வருடம் சிறுநீரகம் கெட்டுப் படுத்தார். ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் பக்கத்தில் இருந்தது ஞானம்மாள். வீட்டுக்குப் போங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, சொன்னாலும் போயிருக்க மாட்டார்.

கடைசி நாட்களில் ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "துணி குடுத்தாச்சா?" என்றார். பண்டிகைக்கு இன்னும் நாள் இருந்தது. "நீ எந்திரிச்சு வந்து குடு" என்றேன். கோபம் வந்துவிட்டது. "நான் வாரது வராதது இருக்கட்டும். சும்மா பேசிக்கிட்டு நிக்காம போய்க் குடுத்துட்டு வா" என்றார். போனேன். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வந்து சொன்னேன். "அப்பச் சரி" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் அதிகம் பேசவில்லை. என் அக்கா எந்தப் பாக்கியும் வைக்காமல் போனார். அதை நினைத்தால் எனக்குத் துக்கத்தைவிடப் பெருமைதான் வருகிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ராப்பகலாகப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கும் நர்சுகளுக்கும், வீட்டுக்கு வந்து ஜெபித்த ஐயருக்கும், சோறு பொங்கிப் போட்ட காம்பவுண்டு வீடுகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. ஞானம்மாளுக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவார். பெரிய வீட்டு அம்மாவிடம் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுடி. நான் கயிறு புடிச்சதை மட்டும் விட்டுறாதே" என்றார். விடவில்லை அம்மா.

இந்த மலரை நினைவு நாளன்று கையில் கொடுக்காமல், பண்டிகைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே தபாலில் அனுப்புகிறோம். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தோம். இதை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவர் இன்னும் தெருவைத் தாண்டியிருக்க மாட்டார். மிச்சத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், அவரைக் கூப்பிடுங்கள்.