கல் தேய்த்த தண்ணீர்

காலையில் சென்னையிலிருந்து ஒரு பெண் போட்டோ அனுப்பியிருந்தார். இறந்துபோன தன் அம்மாவின் மோதிரம். கல் மங்கிக் கிடந்தது. பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். முடியாது என்று பதில் போட்டுவிட்டேன். வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு நான் வசதியானவள் இல்லை. காரணத்தை அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்லலாம்.

"மலையேறிப் போயி கல்லு பொறுக்கறதுக்கா உன்னப் படிக்க வெச்சோம்?" என்று காளப்பநாயக்கன்பட்டியில் அம்மா கத்திக்கொண்டிருக்கும்போதே பஸ் ஏறியவள் நான். மலைமேல் திண்ணனூர் நாட்டில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். வெள்ளிக் கம்பி, குறடு, கல்லை மெருகேற்ற ஒரு சின்ன மெஷின், இவ்வளவுதான் சொத்து. மெஷின் பீப்பாய் மாதிரி இருக்கும். கல்லோடு மணல்பொடியும் தண்ணீரும் போட்டு மூடிவிட்டால் வாரக்கணக்கில் கடகடவென்று உருளும். திறந்தால் மழை விழுந்த பாறை வாசம் வரும். அந்த வாசத்துக்கு ஆசைப்பட்டே கண்ணில் பட்ட கல்லையெல்லாம் அதில் போட்டேன். அம்மிக் குழவி மட்டும்தான் தப்பியது.

பக்கத்துக் காட்டு நல்லம்மாக்காவின் வீட்டுக்காரர் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இறந்தது அந்த வருஷம்தான். காரியமெல்லாம் முடிந்தபின் அக்கா வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து என் மேசையில் ஒரு கல்லை வைத்தார். பழுப்பேறிய கல். சாமைக் காட்டில் பன்றிக்குக் காவல் இருக்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பாராம். கல்யாணமான வருஷம் உழும்போது கிடைத்ததாம்.

"கம்பி சுத்திக் கயித்துல கோத்துக் குடு கண்ணு. நெஞ்சோட கெடக்கட்டும்."

அவ்வளவுதான் கேட்டார். நான்தான் பெரிய கைகாரியாயிற்றே! அந்தப் பழுப்புக்கு அடியில் நல்ல படிகம் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்காத உபகாரத்தைச் செய்யக் கிளம்பினேன். இடையில் இரண்டு தடவை வந்து கேட்டார். "இன்னுங் கொஞ்ச நாளுங்கக்கா" என்று அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மெஷினிலிருந்து எடுத்தபோது தண்ணீர்த் துளி மாதிரி இருந்தது கல். வெள்ளிக் கம்பி சுற்றி, பெருமையோடு அவர் கையில் கொடுத்தேன். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. பெருவிரலால் தடவித் தடவித் தேடினார்.

"அவரு வெரலு பட்டுப்பட்டு ஒரு குழி உழுந்திருக்குமே, கண்ணு?"

அதே கல்தான் என்று சத்தியம் செய்தேன். அழுகை வந்துவிட்டது.

"நீ பொய் சொல்றேன்னு சொல்லல சாமி. தேஞ்சதெல்லாம் எங்க போச்சு?"

"தண்ணியோட போயிருச்சுங்கக்கா."

"அந்தத் தண்ணிய எங்க ஊத்துன?"

கொல்லைப் பலாமரத்தடியைக் காட்டினேன். ஊற்றிய சேறு சாம்பல் நிறத்தில் காய்ந்து ஏடாகக் கிடந்தது. அக்கா கல்லை மேசையில் வைத்துவிட்டுப் போய், குந்தி உட்கார்ந்து அதை நகத்தால் சுரண்டினார். ஒரு கைப்பிடி சேர்ந்ததும் முந்தானையில் முடிந்துகொண்டார். "வாரேன் கண்ணு" என்று சொல்லி நடந்துவிட்டார். கல் என் மேசையிலேயே கிடந்தது.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். கல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விற்க மனம் வரவில்லை, யாருக்கும் சும்மா கொடுக்கவும் பயம். வேலைக்கு நடுவே சில நேரம் அது என் கையில் இருப்பதைத் திடீரென்று கவனிக்கிறேன். எடுத்தது எப்போது என்று தெரியாது. என் பெருவிரல் அதன்மேல் எதையோ தேடிக்கொண்டிருக்கும்.

நல்லம்மாக்கா இப்போது இல்லை. நான் குடியிருந்த வீட்டை இடித்துவிட்டு ஒரு லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். பலாமரம் நின்ற இடத்தில் கார் நிறுத்த சிமென்ட் போட்டுவிட்டார்கள். அக்கா சுரண்டியது போக மிச்சம் அதற்கடியில்தான் இருக்க வேண்டும். போன மாதம் அங்கே போய் நின்றேன். கார் கழுவிக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, எதாச்சும் தொலைச்சுட்டீங்களா?"

"என்னுது இல்லீங்க" என்றேன்.