அரை விநாடி ஆஃப்

மூன்று வாரம் முன்பு ஒரு திங்கட்கிழமை, ஸ்டெல்லா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நான் பதில் சொன்ன லட்சணம் இருக்கிறதே... அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் லேபைப் பார்த்துக்கொள்பவன் நான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஸ்டெல்லா அங்கே கான்ட்ராக்ட் டெக்னீஷியன். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வல்லம் வடகாலிலிருந்து ஸ்கூட்டரில் வருவார்.

பஸ் ஹெட்லைட்டை இயக்கும் சின்னக் கன்ட்ரோல் பெட்டியைச் செய்கிறோம். ஆயிரம் தடவை ஆன், ஆஃப் செய்தாலும் அது தாங்க வேண்டும். சோதிக்க, மேஜை மேல் ஒரு பவர் சப்ளை. எத்தனை வோல்ட், எத்தனை விநாடி, எத்தனை தடவை என்று ப்ரோகிராம் போட்டுவிட்டால் தானே மின்சாரம் கொடுக்கும், தானே நிறுத்தும். போட்டவன் நான். ஐந்து விநாடி ஆன், அரை விநாடி ஆஃப். ஏன் அரை விநாடி? சீக்கிரம் முடியுமே!

"சார், மிஷின்ல ஆஃப்னு காட்டுது. ஆனா பெட்டி போர்டுல இந்தப் பச்ச லைட்டு அணையவே மாட்டேங்குது. இன்னா சார் இது?"

"அது அப்படித்தான்மா இருக்கும். நீங்க ரீடிங் எழுதுங்க."

யோசித்தா சொன்னேன்? தலையைக்கூடத் திருப்பவில்லை.

புதன்கிழமை மாலை, கம்பெனி பஸ் குன்றத்தூரில் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து சாவியைத் திருப்பினார். ஹெட்லைட் எரிந்தது.

எந்த பஸ் அரை விநாடி மட்டும் அணைந்துவிட்டுக் கிளம்புகிறது?

அரை விநாடியில் பெட்டிக்குள் தங்கிய மின்சாரம் வடியாது. அதனால்தான் அந்த லைட் அணையவில்லை. பெட்டி ஒரு தடவைகூட முழுசாகத் தூங்கவில்லை. தூங்காததை ஆயிரம் தடவை எழுப்பினோம் என்று கணக்கு எழுதியிருக்கிறோம்!

மறுநாள் காலை ஆஃப் நேரத்தைப் பத்து விநாடியாக மாற்றினேன். லைட் அணைந்தது. நூறு சுற்று முடிவதற்குள் பத்துப் பெட்டிகளில் மூன்று எழுந்திருக்கவே இல்லை.

"சார்... இந்த லாட்டு பேக்கிங் ஆயிட்டு கீது. நாளைக்கு லாரி ஏறுது" என்றார் ஸ்டெல்லா.

இருவருமாக மேனேஜரிடம் போனோம். அவர் டெஸ்ட் ஷீட்டைப் புரட்டினார். "எல்லாத்துலயும் இவங்க கையெழுத்துதானே இருக்கு? தப்பா செட் பண்ணிட்டாங்கனு போட்டுரலாமே?"

ஸ்டெல்லா தரையைப் பார்த்தார். பொய் சொல்ல மாட்டேன் — ஒரு கணம், அப்படியே போகட்டும் என்று எனக்கும் தோன்றியது.

"இல்ல சார். ப்ரோகிராம் நான் போட்டது. இவங்க திங்கட்கிழமையே சொன்னாங்க."

லாரியை நிறுத்தினார்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, புதிதாக வாங்கிய ஒரு பாகத்தில்தான் கோளாறு என்று கண்டுபிடித்து, எல்லாவற்றிலும் மாற்றினோம். அந்தப் பாகம் முந்தைய லாட்டுகளில் இல்லை. பிழைத்தோம். எனக்கு ஒரு மெமோ. நியாயம்தான்.

"ஏன் ஸ்டெல்லா, இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டாவது தபா சொன்னா வாயாடினு பேரு வந்துரும் சார். நாங்க கான்ட்ராக்ட்டுல கீறோம்ல."



எங்கள் தொழிலில், தப்பு நடந்தால் கஸ்டமருக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு, ஐந்துக்கும் பதில் எழுத வேண்டும். நாலாவதில் 'ஆஃப் நேரம் போதவில்லை' என்று எழுதினேன். ஐந்தாவதில், 'டெக்னீஷியன் முன்பே சொன்னார், நான் காதில் வாங்கவில்லை' என்று எழுதினேன்.

"இதெல்லாம் கஸ்டமருக்கு எதுக்கு?" என்று மேனேஜர் அந்த வரியை அடித்துவிட்டார்.

அதனால் இங்கே எழுதிவிட்டேன்.