நாலு மூலை பாக்கி

எதையும் கண்டுபிடிக்கவே வேண்டாம், தேடினால் போதும் என்று எனக்கு முதன்முதலில் உறைத்தது சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கம் இருந்த ஒரு சைபர் கஃபேயில். அப்போது நான் ஏழாம் வகுப்பு. ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு எரிமலைப் படம் எடுக்கப் போனவள், மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் பக்கத்துக்கு ஒரு நிறம் வரும்படி திருகிச் சேர்க்கிற க்யூப் பற்றிச் சும்மா தட்டிப் பார்த்தேன். முழு விடையும் படத்தோடு வந்து நின்றது. நாற்காலியிலிருந்து விழாத குறை. இதோடுதான் என் சித்தப்பா ஆறு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவுக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. எங்களோடுதான் இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்ததும் அந்த வண்ணக் கட்டையோடு பால்கனியில் உட்கார்ந்துவிடுவார். எந்தத் திருப்புக்கு எது நகர்கிறது என்பதை ஒரு நோட்டில் அம்புக்குறியாக வரைந்துவைப்பார். கணபதி விழாவில் எங்கள் குடியிருப்பு சொசைட்டி மேடையில் செய்துகாட்டுவதாகக் கமிட்டியிடம் பெயரும் கொடுத்திருந்தார். மாடிப்படியில் பார்க்கிற பிள்ளைகள் எல்லாம் "அங்கிள், ஜாலா கா?" என்று, முடிந்ததா என மராத்தியில் கேட்டு ஓட்டுவார்கள். "நாலு மூலைதாம்டே பாக்கி" என்று அவர் தமிழிலேயே பதில் சொல்வார்.

நான் ரோட்டோரத்தில் ஒரு மட்டமான க்யூப் வாங்கி, பிரிண்ட் எடுத்த தாளைப் பார்த்து நாலே நாளில் மனப்பாடம் செய்தேன். விழாவுக்கு முந்தின ஞாயிறு சித்தப்பா எதிரில் உட்கார்ந்து கடகடவென்று சேர்த்துக் காட்டினேன்.

"யார்ட்டட்டி படிச்ச?"

"நெட்ல இருக்கு சித்தப்பா. எல்லாமே இருக்கு."

அவருடைய நோட்டைப் பிரித்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்று மூலைகளை இடம் மாற்றும் எட்டுத் திருப்புகள்: தாளில் எழுத்தாக இருந்தது, அவர் நோட்டில் அச்சு அசலாக அம்புக்குறியில் இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "கிட்ட வந்துட்டீங்க சித்தப்பா. இன்னும் ஒரே ஒரு ஸ்டெப். இதோ, இங்க போட்டிருக்கு பாருங்க" என்று விரல் வைத்துக் காட்டினேன். பாராட்டுவதாகத்தான் நினைப்பு.

"மூடுட்டி அத."

அவர் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அடித்திருந்தால்கூட அப்படித் திகைத்திருக்க மாட்டேன். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "கடைசில மூலை மட்டும் திரும்புது, மத்ததெல்லாம் கலையாம நிக்கி. அது ஏன்னு போட்டிருக்கா?"

"தெரியாது. அப்படியே பண்ணா வந்துரும்."

மறுநாள் கமிட்டியில் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். மேடையில் ஆறு நிமிடத்தில் முடித்தேன். ஒரு ஸ்டீல் டப்பா பரிசு. முன்வரிசையில் சித்தப்பாவும் கைதட்டினார். விழா முடிந்ததும் அந்த நோட்டை என்னிடம் தந்து, "பின்பக்கமெல்லாம் காலியாத்தான் கெடக்கு, கணக்குப் போட்டுக்கோ" என்றார். போட்டுத் தீர்த்தேன். அதன்பிறகு அவர் ஷிப்ட் முடிந்து வந்தால் டிவி பார்த்தார்.

போன மாதம் காலேஜ் ஹாஸ்டலில் ஒருத்தி கலைந்த க்யூபை நீட்டினாள். இதற்கு மேடையில் பரிசு வாங்கியவள் நான் என்று பீற்றிக்கொண்டு கையில் வாங்கினேன். இரண்டு திருப்பு. அதோடு கை நின்றுவிட்டது. மறந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். மறக்கவில்லை, அது எனக்கு ஒரு நாளும் தெரிந்திருக்கவே இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

விடை தெரியாமல் சித்தப்பா ஆறு மாதம் கஷ்டப்பட்டார் என்றே அன்று நினைத்திருந்தேன். அந்தப் பால்கனியில் அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பது ஏழாம் வகுப்புக்காரிக்குத் தெரியவில்லை.

இப்போது சொந்தமாக ஒரு க்யூப் வாங்கியிருக்கிறேன். நெட் பக்கம் போவதில்லை. மூன்று வாரத்தில் கீழ் அடுக்கு மட்டும் சேர்ந்திருக்கிறது, அதுவும் ஏன் சேர்ந்தது என்று சொல்லத் தெரிகிற அளவுக்கு. நாளைக்கு நடு அடுக்கில் கை வைக்க வேண்டும்.