வேலிக்கு வெளியே ஒரு சொந்தக்காரர்

மேடவாக்கம் பக்கத்து வயல்கள் மனைகளாக மாறத் தொடங்கியிருந்த அறுபதுகளின் கடைசி. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அடுத்த புஞ்சையையும் ஒருவர் வாங்கிவிட்டார். கல்லறைத் திருநாளன்று ஊரே சுண்ணாம்பும் துடைப்பமுமாகக் கூடியிருந்தபோது, எங்கள் வேலியை ஒட்டியே அளவுச் சங்கிலியைப் போட்டார். தைரியசாலிதான்.

அந்தத் தோட்டம், காலராக் காலத்தில் ஊர்ப் பெரியதனக்காரர் எங்கள் சனத்துக்கு விட்டுக்கொடுத்த பனங்காடு. எழுத்து ஏதும் கிடையாது. புதைத்த இடம் வரை எங்களுடையது, அதுதான் பத்திரம். பின்னால் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பகுதிக்கு மட்டும் வேலி போட்டார்கள். ஓரத்தில் ஒரு கீற்று நிலம் வெளியே நின்றுவிட்டது.

என் அத்தை வேலியைத் தாண்டிப் போய்ச் சங்கிலியை மிதித்துக்கொண்டு நின்றாள்.

"இங்கயும் எங்க ஆளு கீது."

"வெறும் முள்ளுதானேம்மா கீது?" என்றார் மனைக்காரர். "யாரு, பேரு சொல்லு பாப்போம்."

"பேரு வைக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது வயதிலேயே பொய்யில் நான் ஊரறிந்த வித்வான். இப்படி ஓட்டைப் பொய் சொல்லிக் குடும்ப மானத்தை வாங்குகிறாளே என்று நடுவில் குதித்தேன்.

"எங்க பெரிய மாமா சார்! கப்பல்ல இருந்தாரு! ஆறடி ஒயரம்!"

மனைக்காரர் சிரித்தார். அத்தை சுண்ணாம்புக் கையால் என் வாயைப் பொத்தினாள். எனக்கு வெள்ளை மீசை முளைத்தது. பிறகு அந்த முள்ளிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அளக்கணும்னா என் மேலயே இழுத்துக்கினு போ."

அத்தையோடு பேச்சுவார்த்தையே இல்லாத என் அம்மாதான் முதலில் வேலியைத் தாண்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் பெண்கள் ஒவ்வொருவராக. யாரும் எதுவும் கேட்கவில்லை. சாமியார் ஓடி வந்தார்.

"அது மந்திரிக்காத நெலம்மா, எழுந்திரு."

"அப்ப மந்திரிங்க சாமி."

சாமியார் வேலியைத் தாண்டி வந்தார். பிறகு தீர்த்தச் செம்பைக் கொண்டுவரச் சொன்னார். மனைக்காரர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டார்.

ஞானஸ்நானத்துக்கு முன் கண்மூடும் பச்சைப்பிள்ளைகளுக்கு அந்நாளில் வேலிக்குள் இடமில்லை என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? சாயங்காலம் அத்தை அங்கே மெழுகுவத்தி ஏற்றியபோது, கலைஞனுக்குக் கலைஞனாக அவள் காதருகே குனிந்தேன்.

"அந்தாளு போயிட்டான் அத்தை. இன்னும் எதுக்கு நடிக்கிற?"

"காத்து வர்ற பக்கமா உக்காருடா."

உட்கார்ந்தேன், ஆறடி மாமாவுக்கு இத்தனூண்டு மெழுகுவத்தியா என்று யோசித்துக்கொண்டே.