அவள் வாங்க மறுத்த பரிந்துரை

கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர் இடம் ஒன்று காலியானது. ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளராகவே தேய்ந்துகொண்டிருந்த அவளுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. பட்டம் இருந்தது, பாடம் நடத்தும் ஆசை மலையளவு இருந்தது. இல்லாதது, பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம்.

அவள் ஆய்வுக்கு வழிகாட்டியவரிடம் போனாள். எல்லா மாணவர்களிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னார்.

“எனக்கு ஏதும்மா நேரம்? நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போட்டுடறேன்.”

தன்னைத் தானே புகழ மனம் கூசியது. நடந்ததை நடந்தபடி எழுதிக்கொண்டு போனாள். பேனாவைத் திறந்தவர், படித்துவிட்டு மூடினார்.

“சாயக்கழிவைப் பிரிக்கிற முறையை நீ கண்டுபிடிச்சதா எழுதியிருக்கே. கட்டுரை என் பேர்ல வந்ததும்மா. நான் கண்டுபிடிச்சேன், நீ கூடமாட உதவினேன்னு மாத்திடு.”

“அமிலம் பட்டு வெந்தது என் கைதானே ஐயா?”

“வேலை வேணுமா, வேண்டாமா?”

தாளை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு வரிதானேடி! மாத்தினா குடியா முழுகிடும்?”

“முழுகும்க்கா. பார்த்ததை மட்டும் எழுதுங்கன்னு நாளைக்குப் பிள்ளைங்ககிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்வேன்?”

“வேற யாரு தருவாங்க உனக்கு?”

“வாய்மொழித் தேர்வுல என்னை வறுத்தெடுத்தாரே ஒரு பேராசிரியர், அவர்கிட்ட கேக்கப் போறேன்.”

“சுத்தம்! புலிகிட்டயே போய் வழி கேளு.”

அந்தப் புலி, மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தது. “என் கேள்வியே தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொன்னவதானே நீ?”

“ஆமா ஐயா. இப்பவும் தப்புதான்.” வந்த காரியத்தைச் சொல்லித் தன் தாளை நீட்டினாள்.

அவர் தொடவில்லை. “நீ எழுதினதுல நான் ஏன் கையெழுத்துப் போடணும்? எனக்குத் தோணறதை நான் எழுதறேன். திட்டினாலும் வாங்கிக்குவியா?”

“வாங்கிக்கறேன் ஐயா.”

குனிந்து எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார். உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்தார். உள்ளே இருப்பது பூமாலையோ சாட்டையோ, முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை. வழியெல்லாம் பிரித்துப் பார்க்கச் சொல்லி மனம் பேயாய் அலைந்தது. அவள் பிரிக்கவில்லை.

கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, வழிகாட்டினவர் கடிதம் தரலையா?”

வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அவள் நிமிர்ந்தாள்.

“அவர் தரேன்னுதான் சொன்னார். நான்தான் வாங்கல.”